முந்திக்கொண்டு வரும் துடிப்பு: வீட்டு ஈசிஜியைப் படிப்பது எப்படி?

ராத்திரி சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 67 வயது. சர்க்கரை கிடையாது, பி.பி.க்கு ஒரு மாத்திரை உண்டு. "வாயுவா இருக்கும்" என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். தம்பி போன தடவை வந்தபோது வாங்கிக் கொடுத்திருந்த சின்ன ஈசிஜி பட்டை அலமாரியில் இருந்தது. இரண்டு கை விரல்களையும் அதன் மேல் வைத்தால் 30 விநாடி பதிவு எடுத்துப் போனுக்கு அனுப்பும். துள்ளல் வந்த நேரமாகப் பார்த்து அப்பாவை உட்காரவைத்து எடுத்தேன். ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த கோட்டில் நாலு இடத்தில் மட்டும் அகலமாக, கோணலாக, பெரிய அலை.

"என்னம்மா இது, நடுநடுவுல ஒண்ணு மட்டும் இவ்ளோ பெருசா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, அதே மாதிரி ஒரு கோட்டைப் பார்த்துத் திகைத்து நிற்கும் இன்னொரு வீட்டுக்காக எழுதுகிறேன்.

முதலில் சாதாரணத் துடிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் முனை என்று ஒரு சின்னத் திசுக்கூட்டம் இருக்கிறது. தாளம் போடுபவர் அதுதான். அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் முதலில் இரண்டு மேலறைகளிலும் பரவுகிறது. ஈசிஜியில் அது ஒரு சின்ன மேடாகத் தெரியும். அதற்குப் பி அலை என்று பெயர். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இன்னொரு முனை இருக்கிறது. அங்கே மின்சாரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதிக்கும். மேலறையின் ரத்தம் கீழே இறங்கி முடிய அந்த அவகாசம் வேண்டும். அதன் பிறகு இதயத்துக்கென்றே அமைந்த வேகமான மின்பாதைகள் வழியாக இரண்டு கீழறைகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஒரே நேரத்தில் சேர்வதால்தான் கோடு ஊசி மாதிரி ஒல்லியாக, உயரமாக எழும்புகிறது. அதுதான் கியூ ஆர் எஸ். கடைசியில், அடுத்த துடிப்புக்குக் கீழறைகள் தயாராகும்போது உருண்டையான டி அலை.

இந்த எழுத்துகளை எல்லாம் வைத்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த வில்லெம் ஐந்தோவன். ஈசிஜி இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் காலத்தில் நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வலக்கைக்கும் இடக்கைக்கும் நடுவே அளந்ததை அவர் முதல் லீடு என்றார். இன்று நாம் விரல் வைத்து எடுக்கும் பட்டையும் கைக்கடிகாரமும் அளப்பது ஏறக்குறைய அதே முதல் லீடைத்தான். தொட்டி போய்விட்டது, அளவு மாறவில்லை.

சரி, அப்பாவின் கோட்டில் நடுநடுவே பெரிதாகத் தெரிந்த அந்தக் கூடுதல் துடிப்பு எங்கிருந்து வருகிறது? இதயத்தின் தசைச் செல்களில் எது வேண்டுமானாலும் சில சமயம் தானாகவே ஒரு மின்பொறியைக் கிளப்பிவிடலாம். சைனஸ் முனையின் முறை வருவதற்குள் அந்தப் பொறி முந்திக்கொண்டால் இதயம் அதற்கும் ஒருமுறை துடித்துவிடும். மருத்துவர்கள் இதை எக்டோபிக் என்கிறார்கள். இடம் மாறிப் பிறந்தது என்று பொருள். பொறி மேலறையில் கிளம்பினால் பி.ஏ.சி., கீழறையில் கிளம்பினால் பி.வி.சி. அறிக்கையில் இந்த இரண்டு பெயர்களையும்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். மேலறைத் துடிப்பை எஸ்.வி.இ. என்று எழுதும் கருவிகளும் உண்டு.

கூடுதல் துடிப்பு என்று பெயர் இருந்தாலும், அனுபவிப்பவர் சொல்வது நேர் எதிராக இருக்கும். "ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கு", "நின்னு அப்புறம் திக்குனு ஒரு அடி" என்பார்கள். இரண்டும் எப்படிச் சேரும் என்று நான் ரொம்ப நாள் குழம்பினேன். விடை காகிதத்தில்தான் இருந்தது.

பென்சிலும் கட்டமும்

அப்பாவின் பதிவை அச்செடுத்து மேசையில் விரித்தோம். ஈசிஜி தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. அதற்குள் ஐந்து சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 0.04 விநாடி. அப்பாவின் சாதாரணத் துடிப்புகளுக்கு நடுவே நாலு பெரிய கட்டங்கள் இருந்தன. அதாவது 0.8 விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 75. அந்த அகலமான அலை மட்டும் முந்தின துடிப்பிலிருந்து இரண்டரைக் கட்டத்திலேயே வந்து நின்றது. அதற்கு அடுத்த சாதாரணத் துடிப்பு வர ஐந்தரைக் கட்டம் ஆனது. இரண்டரையும் ஐந்தரையும் எட்டு. சரியாக இரண்டு நாலு.

அந்த எட்டைப் பார்த்ததும்தான் எனக்குப் பிடிபட்டது. கச்சேரியில் மிருதங்கக்காரர் ஒரு அடியைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிட்டார் என்று வையுங்கள். தொடையில் தாளம் போடுகிறவரின் கை அதற்காக நிற்பதில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த சமம் விழ வேண்டிய இடத்தில்தான் விழும். கீழறையில் பிறந்த துடிப்பு பெரும்பாலும் மேலே இருக்கும் சைனஸ் முனையைத் தொடுவதில்லை. முனை தன் கணக்குப்படி அடுத்த மின்சாரத்தை அனுப்புகிறது. ஆனால் கீழறை இப்போதுதான் ஒருமுறை சுருங்கிக் களைத்திருப்பதால் அதை ஏற்காது. அதற்கும் அடுத்ததைத்தான் ஏற்கும். அந்த இடைவெளிதான் "நின்ற மாதிரி" தெரிகிறது.

நின்ற நேரத்தில் கீழறையில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிறைந்துவிடும். அடுத்த துடிப்பு அத்தனையையும் சேர்த்துப் பலமாகத் தள்ளுகிறது. திக்கென்று உணர்வது அநேகமாக இந்த அடுத்த துடிப்பை. அது முற்றிலும் சாதாரணமானது! முந்திக்கொண்டு வந்ததோ பாதி நிறைந்த இதயத்தைத் தட்டியதால் பலருக்கு உணர்வே இல்லாமல் போய்விடுகிறது. இடது பக்கம் படுக்கும்போது இதயம் மார்புச் சுவரோடு நெருங்குவதால் அந்தப் பலமான அடி கூடுதலாகத் தெரியும். ராத்திரியில் கவனத்தைத் திருப்ப வேறு ஒன்றும் இல்லை என்பதும் சேர்ந்துகொள்ளும்.

மேலறைத் துடிப்பு வேறு மாதிரி. அது பக்கத்தில் இருக்கும் சைனஸ் முனைக்குள் நுழைந்து, தாளம் போடுபவரையே முதலிலிருந்து எண்ணவைத்துவிடும். அதனால் முன்னும் பின்னும் உள்ள கட்டங்களைக் கூட்டினால் எட்டு வராது. ஏழு, ஏழரை என்று நிற்கும். வடிவத்திலும் வித்தியாசம் உண்டு. மேலறைத் துடிப்பு வழக்கமான வேகப்பாதை வழியாகத்தான் கீழே இறங்குகிறது, ஆகவே ஊசி ஒல்லியாகவே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு பி அலை, கொஞ்சம் வேறு உருவத்தில், சில சமயம் முந்தின டி அலையின் மேலேயே ஏறிக்கொண்டு தெரியும். கீழறைத் துடிப்புக்கு வேகப்பாதை கிடைப்பதில்லை. பைபாஸை விட்டுவிட்டு ஊருக்குள் சந்து சந்தாகப் போவது போல, செல்லிலிருந்து செல்லுக்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே அலை மூன்று சின்னக் கட்டங்களுக்கு மேல் அகலமாகி, முன்னால் பி அலை இல்லாமல், டி அலை எதிர்த்திசையில் திரும்பி நிற்கும். அப்பாவுடையது அப்படித்தான் இருந்தது. பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம் பலம் அல்ல, அது வந்த வழி.

இந்த விதிகளுக்கு விலக்குகள் உண்டு. மேலறைத் துடிப்பும் சில நேரம் அகலமாகத் தெரியும். ஆகவே இரண்டையும் பிரிக்கும் முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது, அடியில் ஒரு சீரான தாளம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை. இருந்தால் நடுவில் வந்தவை கூடுதல் துடிப்புகள். அடித்தாளமே இல்லாமல் ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு நீளத்தில், பி அலையும் இல்லாமல் இருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது மேலறைகள் தாறுமாறாக அதிரும் நிலையாக, இருக்கலாம். அது முற்றிலும் வேறு விஷயம். ரத்தக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரும் அபாயம் அதில் இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது. கூடுதல் துடிப்பு நிறைய இருந்தால் கருவி குழம்பி அதையே ஃபிப்ரிலேஷன் என்றோ, முடிவு தெரியவில்லை என்றோ சொல்லிவிடுவதும் நடக்கிறது. அதனால்தான் கருவி போட்ட தலைப்பைவிடக் கோடு முக்கியம்.

பாதியாகக் குறைந்த நாடி

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுதான் பல வீடுகளில் பெரிய பீதியைக் கிளப்புகிறது. ஒரு சாதாரணத் துடிப்பு, ஒரு கூடுதல் துடிப்பு என்று மாறிமாறி வருவதற்கு பைஜெமினி என்று பெயர். அப்போது விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் நாடி 38 என்று காட்டும். பார்த்தவருக்குத் தலை சுற்றும். ஈசிஜியில் எண்ணினால் 76 இருக்கும். முந்திவந்த துடிப்பு தள்ளிய ரத்தம் விரல் நுனிவரை அலையாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கருவி அலையை எண்ணுகிறது, மின்சாரத்தை அல்ல. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தாலும் இதே பாதிக் கணக்குதான் வரும்.

பி.பி. மெஷினில் இதயப் படம் மின்னினால், சீரற்ற துடிப்பு வந்தது என்று பொருள். என்ன வகை என்று அதற்குத் தெரியாது. அந்த நேரத்து பி.பி. எண்ணும் நம்பகமில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று தடவை எடுங்கள்.

ஈசிஜி எடுக்கும்போதும் கைகளை மேசைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள், பேசாதீர்கள், விரல் வறண்டிருந்தால் லேசாக ஈரமாக்குங்கள், சார்ஜரில் மாட்டிய போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கை நடுங்கினாலே கோடு பயமுறுத்தும் வடிவங்களை வரையும்.

30 விநாடியும் 24 மணி நேரமும்

அப்பாவின் பதிவில் 37 துடிப்புகள், அதில் நாலு கூடுதல். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11 சதவீதம். மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் பி.வி.சி. இருந்தால் நாளடைவில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

படித்தது சரிதான், போட்ட கணக்குதான் தவறு. நான் பதிவு எடுத்தது அப்பா துள்ளுகிறது என்று சொன்ன நேரத்தில். மழை பெய்யும்போது மட்டும் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, நாள் முழுக்க மழை என்று சொல்வது போன்றது அது. அந்தச் சதவீதம் 24 மணி நேரமாவது தொடர்ந்து எண்ணிச் சொல்ல வேண்டியது. அதற்குத்தான் ஹோல்டர். நெஞ்சில் ஒட்டிகளை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்புவார்கள். அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் உருவாக்கியதால் அந்தப் பெயர். முதலில் அவர் செய்த கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு ஹோல்டர் போட்டதில் மொத்தம் 98,000 சொச்சம் துடிப்பு, அதில் கூடுதல் 612. ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த 612இல் பெரும்பகுதி ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள்.

612 என்றாலே அதிகமாகத் தோன்றலாம். ஒரு நாளைக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த எண்ணையும் பார்க்க வேண்டும். எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கு ஹோல்டர் போட்டாலும் பாதிப் பேருக்குக் கிட்ட ஒன்றிரண்டாவது அகப்படும். வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும்.

அப்படியானால் எதை வைத்து ஆபத்தை எடைபோடுகிறார்கள்? எண்ணிக்கையைவிட முக்கியமானது, அது வரும் இதயம் எப்படிப்பட்டது என்பது. அதனால்தான் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட், எடுக்கச் சொல்கிறார்கள். தசை நன்றாகச் சுருங்குகிறதா, வால்வுகள் சரியா, பழைய மாரடைப்பின் தழும்பு இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். எக்கோ சரியாக இருந்து, எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் பெரும்பாலோருக்கு மருந்தே வேண்டியதில்லை. ட்ரெட்மில்லில் நடக்கவிட்டும் பார்ப்பார்கள். வேகம் ஏறும்போது கூடுதல் துடிப்பு மறைந்தால் பொதுவாக நல்ல குறி, கூடினால் மேலும் ஆராய வேண்டும். மேலறைத் துடிப்புகள் மிக அதிகமாக இருப்பவர்களுக்குப் பின்னாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்களை அவ்வப்போது கவனிப்பார்கள்.

"இருக்கிற துடிப்பை மாத்திரை போட்டு அடக்கிட்டா என்ன?" என்று அப்பா கேட்டார். இந்தக் கேள்வியை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் கேட்டது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடுதல் துடிப்பு நிறைய இருந்தால் இறப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. ஆகவே அவற்றை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று எண்ணி, காஸ்ட் (CAST) என்ற ஆய்வில் என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்புகள் நன்றாகவே அடங்கின. ஆனால் மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களில் இறந்தவர்கள் அதிகம். 1989இல் அந்த மருந்துகளை ஆய்விலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதிலிருந்து, கோட்டைச் சீராக்குவதற்காக மட்டும் மருந்து எழுதுவதில்லை. தொந்தரவு அதிகமாக இருந்தால், இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் கொடுப்பார்கள். எண்ணிக்கை மிக அதிகமாகி இதயம் களைத்துப்போனால், தொடைவழியாகக் குழாய் செலுத்திப் பொறி கிளம்பும் புள்ளியைச் சுட்டுவிடும் அப்லேஷன் இருக்கிறது. அப்படிச் செய்த பிறகு பலவீனமான தசை பலருக்கு மீண்டும் தேறிவிடுகிறது.

பொறியைத் தூண்டுபவை என்று பார்த்தால் தூக்கக்கேடு, பதற்றம், காய்ச்சல், உடலில் நீர் வற்றுவது, மது, ரத்தசோகை, தைராய்டு, பொட்டாசியமோ மக்னீசியமோ குறைவது. சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கான சல்புடமால் இன்ஹேலரும், நீர்பிரியும் மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம். அதற்காக எதையும் தானாக நிறுத்திவிடாதீர்கள். காபியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100 பேரைச் சில நாள் காபி குடிக்கவும் சில நாள் விடவும் சொல்லிப் பார்த்தார்கள். மேலறைத் துடிப்பில் சொல்லும்படி மாற்றம் இல்லை, கீழறைத் துடிப்பு மட்டும் காபி நாளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. உங்களுக்கு எப்படி என்று ஒரு வாரம் விட்டுப் பார்ப்பதே போதும்.

பொட்டாசியம் என்றதும் தினம் இளநீர் குடிக்கத் தொடங்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பொட்டாசியம் குறைவதைப் போலவே ஏறுவதும் இதயத்துக்கு ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம்.

இனி, காத்திருக்கவே கூடாத நேரங்கள். நெஞ்சுவலி, இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத்திணறல், மயங்கி விழுவது. இவற்றில் ஒன்று இருந்தால் பட்டையைத் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள். ஒற்றை லீடு வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. கோடு சீராக இருக்கிறது என்று நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் இந்தக் கருவியால் வரக்கூடிய பெரிய கேடு; ஓமத் தண்ணீரும் அப்படித்தான். அகலமான துடிப்புகள் மூன்றோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வரிசையாக வேகமாக வந்திருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலும், ஓடும்போதோ மாடி ஏறும்போதோ தொந்தரவு வந்தாலும், ஏற்கெனவே இதய நோய் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது வெறுமனே "படபடப்பு" என்று சொல்வதைவிடப் பதிவை எடுத்துப் போவது எவ்வளவோ மேல். துள்ளல் வந்தபோது எடுத்தது இரண்டு, எதுவும் இல்லாதபோது எடுத்தது ஒன்று போதும். ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்தால் ஒவ்வொன்றும் இன்னொரு பதற்றமாகும், பதற்றம் இன்னொரு துடிப்பாகும். எடுத்த நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்படி உணர்ந்தீர்கள் என்று கூடவே எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா இதைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒழுங்காகச் செய்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் தேதி, மணி, என்ன சாப்பிட்டார், எப்போது தூங்கினார் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். மருத்துவர் கோட்டைப் பார்த்த நேரத்தைவிடப் பின்பக்கத்தைப் படித்த நேரம்தான் அதிகம். ஏழு தாளில் ஐந்தில் "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் தூக்கம்" என்று இருந்தது. "ஐயா, எப்பவும் இவ்ளோ நேரம் முழிச்சிருப்பீங்களா? குறட்டை உண்டா?" என்று அவர் கேட்க, அப்பாவை முந்திக்கொண்டு அம்மா பதில் சொன்னார். அடுத்த பரிசோதனை தூக்கத்துக்கு.